ஒரே போன் உள்ள வீட்டில்

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. பெண்கள் தலைமை தாங்கும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஸ்மார்ட் போன் வந்து சேர்ந்தது அப்போதுதான். கடன்பட்டாவது வாங்கினோம். பாடசாலை திறந்த பின்பும் அது பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. தாய் வேலையால் வந்து சமைத்து முடிக்கும்வரை பிள்ளை என்ன பார்க்கின்றது என்று யாருக்கும் தெரியாது.

பெற்றோர் கட்டுப்பாடு என்றதும் கூகுளின் 'ஃபமிலி லிங்க்' செயலியைச் சொல்வார்கள். நல்லதுதான். பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கலாம், எதனை இறக்கலாம் என்பதைத் தாய் தன் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். ஆனால் பிள்ளைக்கென்று தனிப் போன் இருக்க வேண்டும். இருவரும் ஒரே போனைப் பாவிக்கும் வீட்டுக்கு அது உதவாது.

அங்கே செய்யக்கூடியவை வேறு. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, இரகசிய இலக்கமிட்டு, வயதைத் தெரிவு செய்தால் அந்த வயதுக்கு மீறிய செயலிகளை இறக்க முடியாது. யூடியூபில் 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை'யை இயக்கினால் ஒவ்வாத காணொளிகள் பல மறையும், எல்லாம் அல்ல. அன்ட்ரொயிட் போன்களில் பாடத்துக்குரிய செயலியை மட்டும் திரையில் 'பின்' செய்து கொடுக்கவும் வசதியுண்டு. விடுவிக்க இலக்கம் கேட்கும்படி செய்துவிட வேண்டும்.

இவற்றைச் செய்து தரும்படி மூத்த மகனிடமே கேட்கின்றோம். இலக்கத்தையும் அவனே இடுகின்றான். பூட்டைப் போட்டுத் திறப்பை அவனிடமே கொடுத்த கதை! பக்கத்தில் இருந்து பார்த்து நாமே பழகிக்கொள்ள வேண்டும்.

பூட்டுக்கு அகப்படாத ஆபத்தொன்றும் உண்டு. முகநூலில் பழகிய ஒருவன் பிள்ளையிடம் படம் கேட்டு வாங்கி, பிறகு அதை வைத்தே மிரட்டுவது. பிள்ளை தாயிடம் சொல்லாது. "அம்மா போனைப் பறிச்சுப்போடுவா, பள்ளிக்கூடத்தையும் நிப்பாட்டிப்போடுவா" என்ற பயம். தனியே பிள்ளை வளர்க்கும் எமக்கோ ஊர் என்ன சொல்லும் என்ற பயம். இந்த இரண்டு பயங்களையும் நம்பித்தான் அவன் மிரட்டுகின்றான். ஆகவே, "எது நடந்தாலும் என்னட்டச் சொல்லு, நான் அடிக்க மாட்டன், போனையும் பறிக்க மாட்டன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்படி நடந்தால் பணம் கொடுக்காதீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வையுங்கள்; அவைதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு 24 மணிநேரமும் இலவசமாக அழைக்கலாம். பிள்ளையே அழைக்கவும் முடியும். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரில் போயும் சொல்லலாம்.