நாய்க்கு மருந்தூட்டும் முறை

வளர்ப்பு நாய்க்கு மருந்து கொடுப்பது எங்ஙனம் என்று கிராமங்களில் பணியாற்றுவோரைப் பலரும் வினவுவர். மாத்திரையாயின், இறைச்சி சேர்த்துப் பிசைந்த சோற்றுருண்டையில் பொதிந்து தருவது எளிது. முதலில் வெறும் உருண்டை, அடுத்து மருந்துள்ளது, உடனே மீண்டும் வெறும் உருண்டை. மூன்றாவதன் மீதுள்ள ஆவலில் இரண்டாவதை நாய் மெல்லாமலே விழுங்கிவிடும். மேற்பூச்சுள்ள மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் பொடித்தல் ஆகாது.

திரவ மருந்தே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக்குழலுட் புகுந்து நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். பழகியவர் ஒருவர் பக்கத்திலிருந்து நாயை அணைத்துப் பிடிக்க, தலையை இயல்பான நிலையில் வைத்து, ஊசியில்லாத பீச்சுக்குழலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே செலுத்திச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஒரு மடக்கு விழுங்கப்பட்ட பின்னரே அடுத்தது. இருமினால் நிறுத்திவிடுக. சுவையற்ற திரவ பாரஃபின் இருமலையும் தூண்டாமல் நுரையீரலை அடையக்கூடுமாதலால் அதனைப் புகட்டாதிருத்தலே நலம்.

மனிதருக்குரிய பாராசிட்டமால், இபுபுரூஃபன் ஆகியவற்றை வீட்டாரே கொடுத்துவிடுவதுண்டு. இவை நாய்க்கு நஞ்சாகலாம்.

கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க இயலாது நிற்கும் நாயைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கருதி வாய்க்குள் கைவிடுவோர் உளர். வெறிநோயின் ஒருவகை இங்ஙனமே தோன்றும். அத்தகைய நாய்க்கு வாய்வழியே எதுவும் கொடுக்கலாகாது. தனியே அடைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கையில் எச்சில் பட்டவர் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றி அறிதல் வேண்டும்.