பாஸ்வேர்டைப் பூட்டினால் போதுமா?

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் போன்ற இடங்களில் ஒரு கன்டெய்னர் கேட்டைத் தாண்டியதும், அந்தத் தகவல் கப்பல் கம்பெனிக்குப் போயாக வேண்டும். இந்தச் செய்திக்குக் கோடெக்கோ என்று பெயர். உலகத் துறைமுகங்களில் இதைப் பெரும்பாலும் ஆள் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் குறித்த நேரத்தில் தானாக ஓடி, தூரத்து சர்வரில் லாகின் செய்து, ஃபைலைப் போட்டுவிடும். நடுராத்திரியில் அதற்கு யார் பாஸ்வேர்டு தட்டிக் கொடுப்பது? ஆகவே ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுகிறார்கள். வினை அங்கேதான்.

கமாண்டோடு பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்தால், அது ஓடும் நேரத்தில் அதே லினக்ஸ் மெஷினில் இருக்கும் இன்னொருவர் 'பிஎஸ்' கமாண்டைத் தட்டியே அதைப் பார்த்துவிட முடியும். கையால் தட்டியிருந்தால் ஹிஸ்டரி ஃபைலிலும் தங்கிவிடும். சிலர் பேஸ்64-ல் மாற்றிவைத்து நிம்மதி அடைகிறார்கள். அது என்க்ரிப்ஷனே அல்ல. யாரும் நொடியில் திருப்பிவிடலாம்.

முறையாக என்க்ரிப்ட் செய்தாலும், அதை அவிழ்க்கும் சாவி ஸ்கிரிப்டுக்குக் கிடைத்தாக வேண்டுமே! அதே ஃபோல்டரில் சாவியையும் வைத்தால், பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட கதைதான். விண்டோஸில் பவர்ஷெல்லின் 'கன்வர்ட்ஃப்ரம்-செக்யூர்ஸ்ட்ரிங்' இதற்கு நல்ல வழி தருகிறது. தனியாகச் சாவி கொடுக்காவிட்டால், பூட்டியவரின் யூசர் கணக்கோடும் பொதுவாக அந்தக் கம்ப்யூட்டரோடும் அதைப் பிணைத்துவிடும். ஃபைலை மட்டும் திருடிப் போய் வேறு மெஷினில் திறக்க முடியாது.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். அட்மின் தன் லாகினில் பூட்டியதை, டாஸ்க் ஷெட்யூலர் வேறொரு சர்வீஸ் கணக்கில் ஓட்டும்போது அவிழ்க்க முடியாமல் வேலை நின்றுவிடும். எந்தக் கணக்கில் ஓடுமோ, அந்தக் கணக்கிலேயே பூட்ட வேண்டும். லினக்ஸில் இதே கமாண்ட் என்க்ரிப்ட் செய்வதே இல்லை. அங்கே பாஸ்வேர்டை, உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிகிற (அனுமதி 600) ஃபைலில் வைக்க வேண்டும்; முடிந்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் கீயைப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு செய்தாலும், ஓடும் நேரத்தில் பாஸ்வேர்டு மெமரியில் அவிழ்ந்துதான் கிடக்கும். 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற மால்வேர், மெமரியிலிருந்து லாகின் விவரங்களைச் சுரண்டி எடுத்து அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களுக்குத் தாவியது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமத்தின் டெர்மினலும் அதனால் முடங்கியது. ஸ்கிரிப்டுக்கு அட்மின் கணக்கைக் கொடுக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கோடெக்கோ அனுப்பும் கணக்குக்கு, ஒரே ஒரு ஃபோல்டரில் ஃபைல் போடும் அனுமதி போதும்.