இணையத்தில் ஒரு சொந்தக் கடை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் இன்றிருந்தால், இணையத்தில் ஒரு கடையைத் திறந்து பார் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில், நான் கற்றவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் சித்தப்பா சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வணிகம் செய்பவர். சென்ற கோடை விடுமுறையில் என்னை அழைத்து, "நீ வணிகவியல் படிக்கிறவன், வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தபடியே நம் சேலையை வாங்க ஒரு வழி செய்து கொடு" என்றார். கணிப்பொறி பற்றி எனக்கிருந்த அறிவு சொற்பமே. ஆயினும் ஒப்புக்கொண்டேன். அந்த விடுமுறை எனக்கு ஒரு பாடமாயிற்று.

வாடகைக் கடையும் சொந்தக் கடையும்

இணையத்தில் பொருள் விற்க இருவழிகள் உண்டு. பெரிய நிறுவனங்கள் நடத்தும் இணையச் சந்தைகளில் இடம் பிடித்து விற்பது ஒரு வழி. அங்குக் கட்டடமும் காவலும் அவர்களுடையவை. ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குத் தரகு உண்டு. விதிகளை வகுப்போரும் அவர்களே. வாங்கியவர் யார் என்னும் பட்டியல்கூடப் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும்.

மற்றொரு வழி, கடை நடத்தும் மென்பொருளை நாமே ஒரு கணிப்பொறியில் நிறுவிக்கொள்வது. இருபத்து நான்கு மணி நேரமும் இணையத்தோடு இணைந்திருந்து, கேட்போருக்குப் பக்கங்களை அனுப்பும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். அதனை மாத வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல உள. மனை வாடகை, மனைமேல் எழுப்பும் கடையோ நமது. சித்தப்பா இரண்டாம் வழியையே விரும்பினார். "வாடிக்கையாளர் பெயர் நம் பேரேட்டில் இருக்கவேண்டும்" என்பது அவர் கொள்கை.

நான்கு தூண்கள்

இத்தகைய கடைகள் பெரும்பாலும் நான்கு தூண்களின்மீது நிற்கின்றன. முதலாவது லினக்ஸ். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் இதனை வெளியிட்டார். கணிப்பொறியின் உறுப்புகளை இயக்கி, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எக்கோப்பை யார் திறக்கலாம் என்பனவற்றை முடிவு செய்வது இதன் பணி.

இரண்டாவது அபாச்சி. 1995-இல் வெளிவந்த இம்மென்பொருள் கடை வாசலில் நிற்கும் பணியாளைப் போன்றது. வருவோர் கேட்கும் பக்கத்தை எடுத்துத் தருவது. மூன்றாவது மரியா டிபி என்னும் தரவுத்தளம். பொருள், விலை, இருப்பு, ஆணை அனைத்தும் பதிவாகும் பேரேடு இதுவே. மைக்கேல் விடேனியஸ் என்பார் தம் மூத்த மகள் மை பெயரால் மைசீக்வெல் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அது பெரிய நிறுவனங்களின் கைக்கு மாறியபோது, 2009-இல் அதன் கிளையாகத் தொடங்கியதற்கு இளைய மகள் மரியாவின் பெயரைச் சூட்டினார்.

நான்காவது பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த இணையப் பக்கத்துக்கென எழுதி, 1995-இல் பொதுவில் விட்ட கருவி இது. பேரேட்டிலுள்ள விவரத்தை எடுத்து, பார்வைக்குரிய பக்கமாக ஆக்கித் தருவது இதன் வேலை.

இந்நான்கும் விலையின்றிக் கிடைப்பவை. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இவற்றின்மேல் நிறுவுவதற்கு ஓப்பன்கார்ட் என்ற கடை மென்பொருளை நான் தேர்ந்தெடுத்தேன். ஊகாமர்ஸ், பிரெஸ்டாஷாப், மெஜெண்டோ எனப் பிறவும் உள. ஓப்பன்கார்ட்டும் பொது உரிமத்தின்கீழ் இலவசமாகவே வழங்கப்படுவது. சிறு கடைக்கு ஏற்றது.

முதலில் காவல்

வாடகைக்கு எடுத்த சர்வரில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவினேன். அதில் நீண்டகால ஆதரவு உடைய பதிப்பையே தேர்ந்தெடுத்தல் நன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவரும் அப்பதிப்புக்கு ஐந்தாண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

எங்கோ இருக்கும் அச்சர்வருக்கு நம் வீட்டிலிருந்து கட்டளையிட உதவுவது எஸ்.எஸ்.எச். என்னும் முறை. ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்ட டாட்டு யூலோனன் 1995-இல் இதனை உருவாக்கினார். நாம் அனுப்பும் ஒவ்வோர் எழுத்தும் மறைகுறியாக மாறியே செல்வதால், இடையில் ஒட்டுக்கேட்போருக்கு ஒன்றும் விளங்காது.

சர்வரை இயக்கிய அன்று மாலையே அதன் பதிவேட்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முன்பின் அறியாத இடங்களிலிருந்து கடவுச்சொல்லை ஊகித்து நுழைய வரிசையாக முயன்றிருந்தார்கள். என்மீது பகையுள்ள எவரும் செய்த வேலையன்று அது. பூட்டாத கதவு எங்கேனும் உண்டா என்று ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையமெங்கும் உலவுகின்றன. ஆகவே, கடவுச்சொல்லால் நுழைவதை அடியோடு நிறுத்தி, இணைத் திறவுகோல் முறைக்கு மாறினேன். ஒரு பாதி சர்வரிலும் மறுபாதி என் கணிப்பொறியிலும் இருக்கும்; இரண்டும் பொருந்தினாலன்றி வழி திறவாது. எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூட்' என்னும் பெயரில் நேரே நுழைவதையும் தடுத்தேன்.

அடுத்தது தீச்சுவர். ஒரு சர்வருக்கு 65,535 வாயில்கள் உண்டு. கடைக்கு வேண்டுபவை மூன்றே: கட்டளையிட 22, சாதாரணப் பக்கங்களுக்கு 80, மறைகுறிப் பக்கங்களுக்கு 443. மற்றவற்றை மூடிவிட வேண்டும். ஆனால் 22-ஐத் திறந்து வைக்கும் விதியை எழுதிய பின்னரே தீச்சுவரை இயக்குக. இல்லையேல் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்தவர் கதையாகிவிடும்.

பேரேடும் தமிழும்

அபாச்சி, மரியா டிபி, பி.எச்.பி. ஆகியவற்றை நிறுவச் சில கட்டளைகளே போதும். பி.எச்.பி.யோடு படங்களைச் சுருக்கவும், தரவுத்தளத்தோடு பேசவும், பிற சர்வர்களோடு தொடர்பு கொள்ளவும் துணை நிரல்கள் சில வேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓப்பன்கார்ட் நிறுவும்போதே சுட்டிக்காட்டும்.

தரவுத்தளத்தை உருவாக்கும்போது எழுத்துமுறையைக் குறிப்பிட மறக்கலாகாது. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'சுங்குடி' என்னும் சொல்லில் ச, அதன் உகரக் குறி, ங, அதன் புள்ளி என எண்ணிக்கொண்டே போனால் எட்டுக் குறிகள். ஆக 24 பைட்டு. பழைய மேனாட்டு எழுத்துமுறையில் பேரேட்டைத் திறந்தால், நம் சேலைப் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகளாய் நிற்கும். யூ.டி.எப். 8 எம்.பி. 4 என்னும் முறையைத் தேர்ந்தால் இத்தொல்லை இல்லை.

கடை மென்பொருளுக்கெனத் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்தில் மட்டும் அவருக்கு உரிமை கொடுக்கவேண்டும். கடைச் சிப்பந்தியிடம் கல்லாச் சாவியைத் தருவோம். வீட்டுச் சாவியைத் தருவோமா?

கடையை நிறுவுதல்

ஓப்பன்கார்ட் ஒரே கட்டாக இறங்கும். அதனுள் 'அப்லோடு' என்ற அடைவில் உள்ளவற்றை மட்டும் சர்வரில் கடைக்கென ஒதுக்கிய இடத்தில் வைக்கவேண்டும். அமைப்பு விவரங்களுக்குரிய கோப்பு இரண்டிடங்களில் மாதிரிப் பெயரோடு இருக்கும். இரண்டையும் உரிய பெயருக்கு மாற்றவேண்டும்.

இங்கேதான் பலரும் இடறுவர். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகையினருக்கு உரிமை வகுக்கப்படும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 எனக் கூட்டிக்கொள்ளவேண்டும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர் படிக்க மட்டுமே செய்யலாம். அடைவுகளுக்கு 755. நிறுவும்போது 'எழுத இயலவில்லை' என்று ஒரு பிழை வரக்கூடும். அவசரக்காரர்கள் 777 கொடுத்து விடுவர். அச்சர்வரில் இயங்கும் யார் வேண்டுமாயினும் எழுதலாம் என்பது அதன் பொருள். கதவைக் கழற்றி வைப்பதற்கு அது சமம். அபாச்சி எந்தப் பெயரில் இயங்குகிறதோ, அப்பெயரைக் கோப்புக்கு உரிமையாளராக்குவதே சரியான மருந்து.

இவ்வளவும் ஆனபின் உலாவியில் கடையின் முகவரியைத் திறந்தால் நிறுவும் பக்கம் தோன்றும். தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்பினால் சில நிமிடங்களில் கடை தயார். ஆனால் மூன்று வேலைகள் மீதமிருக்கும். நிறுவுவதற்கான 'இன்ஸ்டால்' அடைவை நீக்கவேண்டும்; இருந்தால் வேறொருவர் கடையை மறுபடி நிறுவ முயலலாம். நிருவாகப் பகுதியின் பெயரை எளிதில் ஊகிக்க முடியாததாக மாற்றவேண்டும். சேமிப்பு அடைவை, உலாவிக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தவேண்டும்.

முத்திரையும் பணமும்

வாங்குவோர் தரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் மறைகுறியாகவே வரவேண்டும். அதற்குரிய சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகிறது. 2015-இல் தொடங்கியபோது அதன் ஆயுள் 90 நாள் என வகுத்தார்கள். இத்தகைய சான்றிதழ்களின் ஆயுள் மேலும் சுருங்கி வருகிறது. ஆகவே, புதுப்பித்தலை 'செர்ட்பாட்' என்ற நிரலிடம் ஒப்படைத்தல் நலம்.

பணம் பெறுவதற்கு அதற்கென அமைந்த இடைநிலை நிறுவனத்தோடு கடையை இணைக்கவேண்டும். அட்டை எண் நம் சர்வரைத் தொடவே கூடாது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2022 அக்டோபர் முதல் வணிகர் எவரும் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கலாகாது. மேலும், 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, கடையின் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியன பக்கத்தில் இடம்பெறவேண்டும். முறையீட்டைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும்.

நான் செய்த பிழை

கடை திறந்தது. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆணைகள் வந்தன. சித்தப்பா மகிழ்ந்தார், நான் இறுமாந்தேன். பன்னிரண்டாம் நாள் இரவு, முன்பு ஒத்திகைக்காக உருவாக்கிய தரவுத்தளத்தை அழிக்க எண்ணினேன். இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒன்றே. தூக்கக் கலக்கத்தில் உண்மையான பேரேட்டை அழித்துவிட்டேன். லினக்ஸ் உலகில் கட்டளையிட்டபின் 'ஐயோ' என்பதற்குப் பொருளில்லை. என்னிடம் இருந்த ஒரே நகல் கடை திறந்த நாளில் எடுத்தது.

அனுப்ப வேண்டியிருந்த பதினேழு ஆணைகள் போயின. பணம் மட்டும் இடைநிலை நிறுவனத்தின் வழியே வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் கணக்கில் தொகையும் தொலைபேசி எண்ணும் கிடைத்தன. யார் எந்த நிறம் கேட்டார், எந்தக் கரை கேட்டார் என்பது தெரியவில்லை. மறுநாள் சித்தப்பா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுபடி கேட்டு எழுதினார். இருவர் பணத்தைத் திரும்பக் கேட்டனர், உடனே கொடுத்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் ஒன்று மட்டும் கேட்டார்:

"ஏன்டா, தினமும் ராத்திரி கடைக் கணக்கை இன்னொரு நோட்டிலே எழுதி வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேனே, நீ பார்த்ததே இல்லையா?"

சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். கடையில் தீப்பிடித்தாலும் கணக்கு பிழைக்கவேண்டும் என்பதற்காக அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்யும் வேலை அது. கணிப்பொறி நூல்கள் கூறும் நகலெடுப்புக் கொள்கையும் அதுவே. நகல் ஒன்று இருக்கவேண்டும். அது வேறிடத்தில் இருக்கவேண்டும்.

அன்றே 'கிரான்' என்னும் காலக் கட்டளையை அமைத்தேன். இரவு இரண்டு மணிக்குப் பேரேட்டின் நகல் தானாகவே உருவாகி, வேறொரு கணிப்பொறிக்குச் செல்கிறது. மாதம் ஒருமுறை அந்நகலைக்கொண்டு ஒத்திகைச் சர்வரில் கடையை மீட்டெழுப்பிப் பார்க்கிறேன். மீட்டுப் பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போன்றதே. ஒத்திகைத் தரவுத்தளங்கள் எதையும் உண்மைக் கடை இருக்கும் சர்வரில் இப்போது நான் வைப்பதில்லை.

முடிவாக

இணையக் கடையை நிறுவ ஒரு பிற்பகல் போதும் என்பது உண்மை. ஆனால் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதும், மென்பொருளின் புதிய பதிப்பை ஒத்திகை பார்த்து ஏற்றுவதும், நகல் சரியாக எடுக்கப்பட்டதா எனக் கவனிப்பதும் கடை உள்ளவரை தொடரும் பணிகள். அவற்றுக்கு நேரமில்லாதவர் சந்தையில் வாடகைக்கு இடம் பிடிப்பதே மேல். அதில் இழிவொன்றும் இல்லை. சொந்தக் கடை வேண்டுமென்போர், கடையோடு காவலும் தமக்கே உரியது என்பதை உணர்ந்து இறங்கவேண்டும்.

முகம் அறியாத ஒருவர், நம்மை நம்பித் தம் வீட்டு முகவரியையும் பணத்தையும் தருகிறார். அந்நம்பிக்கையைக் காப்பதே வணிகம். சித்தப்பாவின் இரண்டாம் நோட்டு இன்றும் இரவுதோறும் வீட்டுக்கு வருகிறது. இப்போது அதற்குத் துணையாக இரண்டு மணிக்கு என் நகலும் புறப்படுகிறது.