கம்பியில்லாத் தொடர்பு அறுந்தால் யாரை நோவது?

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டால், பொருளைச் சோதிக்குமுன் ஆளைச் சோதிப்பது நம்மவர் வழக்கம். கிணற்றுக் கயிறு அறுந்தால், கடைசியாகத் தண்ணீர் அள்ளியவர் மேலேயே பழி விழும். சில காலத்துக்கு முன் எமது இல்லத்திலும் இவ்வண்ணம் ஒரு வழக்கு நிகழ்ந்தது. நாம் பட்ட தொல்லையை வாசகர்களும் படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அதனை இங்கு எடுத்துரைக்கின்றோம்.

நாம் வசிப்பது வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலே. மூத்த மகள் கணக்கியற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவள். வாரத்தில் நான்கு நாட்கள், மாலை ஏழு மணி தொடக்கம் ஒன்பது மணி வரை மடிக்கணினி வாயிலாக வகுப்பு நடைபெறும். பாடம் தொடங்கிச் சில நிமிடங்களில் வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பு அறுந்துபோகும், மீண்டும் வரும், மறுபடியும் அறும். ஆசிரியர் வினவும் வேளையிலே இவள் மறைந்துவிடுவாள். இவள் விடையுடன் திரும்பும்போது ஆசிரியர் அடுத்த வினாவுக்குச் சென்றிருப்பார். பரீட்சைக்கு ஆறு வாரங்களே இருக்கையில், "கவனம் போதாது" என்று ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பும் வந்து சேர்ந்தது.

முதற் பழி இளையவன் மேல் விழுந்தது. அவன் படம் பார்ப்பதனாலேதான் அக்காளின் பாடம் தடைப்படுகின்றது என்று தீர்ப்புக் கூறினோம். "நான் ஒண்டும் பார்க்கேல்லையப்பா, என்ரை போன் சார்ஜிலைதான் கிடக்குது" என்றான் அவன். நாம் நம்பவில்லை. போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அன்றிரவும் தொடர்பு அறுந்தது. எனினும் போனைத் திருப்பிக் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை.

அடுத்த பழி கணினி மேல். பழுது பார்க்கும் ஒருவர் அதனைப் புரட்டிப் பார்த்து, "பழசாய்ப் போச்சு, புதிசு வாங்குங்கோ" என்றார். புதியதன் விலை எமது ஒரு மாத வருவாயினும் மிகுந்திருந்தது. அதன் பின்னரே, நிதானமாகச் சோதித்துப் பார்ப்போம் என்னும் எண்ணம் எமக்கு உதித்தது.

தொடர்பு ஒன்றல்ல, இரண்டு

வெளியிலிருந்து வீட்டு ரவுட்டருக்கு வந்து சேரும் இணையத் தொடர்பு ஒன்று. ரவுட்டரிலிருந்து கணினிக்கு வானலையாக வரும் தொடர்பு மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற் பணியாகும். திரையில் வைஃபைக் குறி நிறைந்திருக்கவும், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒருங்கே முடங்கினால், குற்றம் பெரும்பாலும் வெளித் தொடர்பிலோ ரவுட்டரிலோ இருக்கும். குறியே மறைந்து, ஒரு கருவி மாத்திரம் முடங்கினால், குற்றம் அக்கருவியிலோ அதன் அயலிலோ இருக்கும். எமது போனை மகளின் அறையிலேயே வைத்துப் பார்த்தோம். கணினி முடங்கிய வேளையிலும் போன் தடையின்றி இயங்கிற்று. ஆகவே வெளித் தொடர்பு குற்றமற்றது, இளையவனும் குற்றமற்றவன்.

பின்னர்க் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுசென்று ரவுட்டரின் அருகிலே வைத்தோம். ஒரு மணி நேரம் தொடர்பு அறவேயில்லை. "சுவர்தான் குற்றவாளி!" என்று மகிழ்ந்தோம். அதே அறையில் போன் இயங்கிற்றே என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. அம்மகிழ்ச்சி எத்துணைப் பிழையானது என்பது பின்னரே தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாத அலைகள்

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளிலே இயங்குகின்றன. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். பின்னதற்கு அதிற் பாதியளவு. முன்னது சுவர்களை ஓரளவு நன்றாக ஊடுருவும்; ஆயினும் அங்கே நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸ் அளவிலேயே இயங்குகின்றது. அயல் வீடுகளின் ரவுட்டர்களும் அதே இடத்தைப் பங்கிடுகின்றன. அவ்வரிசையின் அலைத்தடங்களுள் ஒன்றோடொன்று மோதாது அருகருகே இயங்கத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்றே எனலாம்.

மேலும், இவ்வலைகள் சுவரிலும் தளபாடத்திலும் பட்டுத் தெறித்து எதிரொலிக்கும். 1990களின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்திலே, வானொலி வானியலாளர் ஜோன் ஓ'சல்லிவனும் அவர்தம் குழுவினரும் இவ்வெதிரொலிச் சிக்கலைத் தீர்க்க ஒரு வழி கண்டனர். இன்றைய வைஃபைக்கு அது பெரிதும் உதவிற்று. எனினும், எதிரொலியைத் தாங்கக் கற்ற கருவிக்குக் காதருகே எழும் இரைச்சலைத் தாங்க இயலாது. இதனை நாம் அனுபவத்திலே கண்டோம்.

ஒரு வேளையில் ஒரு மாற்றம்

கணினியை மீண்டும் அறைக்குக் கொண்டுவந்தோம். இம்முறை ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றுவது என்றும், நிகழ்வதை ஒரு கொப்பியில் எழுதுவது என்றும் உறுதி கொண்டோம். சேமித்திருந்த வைஃபைப் பெயரை அழித்து, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தோம். பயனில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வைஃபைக் கருவியை நிறுத்தக் கணினிக்கு அனுமதியளிக்கும் ஓர் அமைப்பு விண்டோஸில் உண்டு, அவ்வனுமதியை நீக்கினோம். பயனில்லை. வைஃபைக் கருவியை இயக்கும் ட்ரைவர் மென்பொருளைப் புதுப்பித்தோம். அதுவும் பயன் தரவில்லை. இவை பல வீடுகளில் நோய் தீர்க்கும் மருந்துகளே. எமது நோய் வேறாயிருந்தது.

இரண்டு வாரங்களில் எட்டு வகுப்புகள். ஏழில் தொடர்பு அறுந்தது. ஒன்றில் மாத்திரம் அறவில்லை. அன்று மாத்திரம் என்ன வேறுபாடு? கொப்பியைப் பார்த்த மகள் சிறிது நேரம் யோசித்தாள். பின்னர், "அண்டைக்கு என்ரை டிஸ்க்கைச் சிநேகிதி கொண்டுபோயிருந்தவள்" என்றாள்.

பழைய பாடங்களைச் சேமித்த வெளி வன்தட்டு ஒன்றை வகுப்பு வேளையிலே கணினியிற் செருகுவது அவள் வழக்கம். அது யூ.எஸ்.பி. 3.0 வகையைச் சார்ந்தது. இவ்வகைக் கருவிகளும் அவற்றின் வடங்களும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் வானலை இரைச்சலை எழுப்பக்கூடும் என்று இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கின்றது. நாம் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுசென்றபோது வன்தட்டு மேசையிலேயே தங்கிவிட்டது. இடத்தை மாத்திரம் மாற்றியதாக எண்ணிய நாம், இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்து, பழியைச் சுவர் மேற் போட்டிருந்தோம்!

சோதித்துப் பார்த்தோம். வன்தட்டைச் செருகினோம், சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்தது. கழற்றினோம், வந்தது. மும்முறை செய்தும் அவ்வாறே நிகழ்ந்தது. பரிகாரமோ எளிது. கணினியை 5 கிகாஹேர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினோம். வன்தட்டையும் நீண்ட வடத்தினால் இணைத்து எட்ட வைத்தோம். வடத்தின் விலை தவிர வேறு செலவில்லை. அதன் பின் ஒரு வகுப்பேனும் தடைப்படவில்லை. நிகழ்ந்ததை மகள் ஆசிரியருக்கு எழுதினாள். அவரும் தமது குறிப்பை மீட்டுக்கொண்டார்.

இத்தனைக்குப் பின்னும் தொடர்பு அறுமாயின், கணினியின் மூடியைத் திறந்து மூடும்போது குறி கூடிக் குறைகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பல மடிக்கணினிகளில் வைஃபை அலைவாங்கி திரையின் ஓரத்திலே அமைந்திருக்கும். அதன் வடம் பிணைச்சலின் வழியே செல்வதனால் நாளடைவில் நைந்துபோகக்கூடும். அப்பொழுதே பழுது பார்ப்பவரை நாடுதல் தகும்.

அலுமாரியைத் திறந்து இளையவனின் போனைக் கொடுத்தோம். அவன் ஒன்றும் பேசாது வாங்கிக்கொண்டான். "தம்பி, பிழை எங்கடைதான்" என்றோம். வன்தட்டின் பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் சென்றன. எமது பிழையை ஒத்துக்கொள்ள அதனினும் கூடுதலான நாட்கள் சென்றன. கொப்பி எழுதுவதை முதல் நாளிலேயே தொடங்கியிருப்போமாயின், அலுமாரியைப் பூட்ட வேண்டிய தேவை எழுந்திராது.