சேகரிப்போர் நடுவே சொந்த ஏலம்

நாணயம், தபால்தலை, பழைய பணத்தாள், தீப்பெட்டி அட்டை ஆகியவற்றைச் சேகரிப்போரின் உலகில் விற்பவர் ஒரு சாதி, வாங்குபவர் மற்றொரு சாதி என்ற பிரிவு கிடையாது. சங்கக் கூட்டத்தில் புதியவர் ஒருவருக்கு இராஜராஜன் காசுக்கும் பிற்காலத்து நாயக்கர் காசுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கிக் காட்டுபவரே, அன்றிரவு அதே புதியவர் பங்கேற்கக்கூடிய இணைய ஏலம் ஒன்றை நடத்துபவராகவும் இருக்கலாம். கடைக்காரர் தம் சரக்கைப் புகழும்போது கேட்பவர் அதற்கு உரிய தள்ளுபடி கொடுத்தே கேட்கிறார். ஆனால் ஆசானாகவும் நண்பராகவும் பழகியவர் புகழும்போது அந்தத் தள்ளுபடியைக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சேகரிப்போர் நடுவே சொந்த ஏலத்தை அறிவிப்பதற்குத் தனி நெறி தேவைப்படுவது இதனால்தான்.

தொலைவிலிருந்து ஏலம் கேட்பது சேகரிப்போருக்கு இணையம் கற்றுத்தந்த பழக்கமன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்கத் தபால்தலை வணிகர்கள் அஞ்சல்வழி ஏலம் நடத்தி, அதிகபட்ச விலையைக் குறித்து அனுப்பியவருக்குப் பொருளைத் தந்து, அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் குறித்த விலையை ஒட்டியே பணம் பெற்றார்கள். இந்த முறையின் தருக்கத்தை 1961-இல் கோட்பாடாக வடித்த வில்லியம் விக்ரி என்னும் பொருளியலாளர் 1996-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் பியர் ஓமிட்யார் தொடங்கி, பின்னர் ஈபே என்று பெயர் மாறிய ஏலத் தளம், கேட்பவர் தம் உச்ச விலையைக் கணினியிடம் சொல்லிவைக்க, அவர் சார்பில் கணினியே படிப்படியாக விலையை உயர்த்திச் செல்லும் ஏற்பாட்டின் மூலம் அதே முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று தமிழ்நாட்டுச் சேகரிப்பாளரின் சிறு ஏலங்களில் பல, முறையான தளம் எதுவுமின்றி, வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களிலேயே நடக்கின்றன. அங்கே கட்டண விதி இல்லை, புகார்ப் பிரிவு இல்லை, கேட்டவர் உண்மையான ஆளா என்று சரிபார்க்கும் பொறியும் இல்லை. பழக்கமும் நாணயமும் மட்டுமே காவல்.

தன் ஏலத்தைத் தானே அறிவிப்பது நாகரிகக் குறைவு என்று கருதும் மூத்த சேகரிப்பாளர்கள் உண்டு. அந்தக் கருத்து ஏற்கத்தக்கதன்று. ஈபேயில் விற்ற ‘இந்தியன் ஹெட்’ என்னும் பழைய அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களின் ஏலங்களை டேவிட் லக்கிங்-ரைலியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, மூன்று நாள் ஏலங்களோடு ஒப்பிட ஏழு நாள் ஏலங்களில் விலை சராசரியாக 24 சதவீதமும், பத்து நாள் ஏலங்களில் 42 சதவீதமும் கூடுதலாக இருந்தது. பொருளைப் பார்ப்பவர் எண்ணிக்கை கூடினால் அதன் உண்மையான மதிப்பு வெளிப்படும் என்பதே இதற்குரிய எளிய விளக்கம். அரிய பொருளொன்று அதை அறிந்தவர் கண்ணில் படாமல் போனால் விற்பவருக்கு நட்டம். பல ஆண்டுகளாக அதைத் தேடிக்கொண்டிருந்த சேகரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய நட்டம். ஆகவே அறிவிக்கலாமா என்பது கேள்வியே அன்று, எவ்வாறு அறிவிப்பது என்பதே கேள்வி.

அதற்கான முதல் விதி, பொருள் தம்முடையது என்று விற்பவர் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது. ‘இணையத்தில் அருமையான ஒரு பாண்டியர் காசு ஏலத்தில் இருப்பதைப் பார்த்தேன், விலையும் குறைவு’ என்று யாரோ ஒருவரின் பொருளைப் போல அறிமுகப்படுத்துவது, அந்தக் காசு அசலே ஆனாலும், ஏமாற்றுதான். மைத்துனரின் பொருளையோ, கமிஷனுக்கு விற்றுத் தர ஒப்புக்கொண்ட பொருளையோ அறிவிப்பவருக்கும் இது பொருந்தும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதக் கூடாது என்று வெளிப்படையாகவே தடை செய்கின்றன. தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ அல்லாமல் தனிமனிதர் தம் சொந்த நிலையில் செய்யும் செயலுக்கு அவ்விதிகள் பொருந்தா என்ற விலக்கும் அவற்றிலேயே இருக்கிறது. சட்டம் இவ்வாறு விலகி நிற்கும் இடைவெளியில்தான் சேகரிப்போர் குழுக்களின் ஏலங்கள் நிகழ்கின்றன. அந்த இடைவெளியைக் குழுவின் நெறிதான் நிரப்பியாக வேண்டும். மாதந்தோறும் ஐம்பது பொருள்களை விற்றுக்கொண்டே ‘நான் வெறும் சேகரிப்பாளன்’ என்று சொல்பவர் அந்த விலக்கை நம்பாமல் இருப்பது நல்லது.

அதிகம் பேசப்படாத மற்றொரு தவறு, அறிவை இலவசமாகப் பெற்று அதை விலையாக்குவது. தெளிவற்ற செப்புக்காசு ஒன்றின் படத்தைப் போட்டு ‘இது என்னவென்று சொல்ல முடியுமா’ என்று ஒருவர் கேட்கிறார். எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் நேரம் செலவிட்டு விடை சொல்கிறார். மறுநாள் அதே காசு, அந்த மூத்தவரின் பெயரையே சான்றாகச் சுமந்துகொண்டு ஏலத்துக்கு வருகிறது. விற்கும் எண்ணம் இருந்தால் கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுவதும், கருத்துச் சொன்னவரின் பெயரை அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் இருப்பதும் குறைந்தபட்ச மரியாதை. எதிர்த்திசையில் நிகழ்வது இதைவிட மோசமானது: படத்தைப் பார்த்த அறிஞர் ‘சாதாரணக் காசுதான்’ என்று குழுவில் சொல்லிவிட்டு, உரியவரைத் தனியே தொடர்புகொண்டு குறைந்த விலைக்கு அதை வாங்கிக்கொள்வது.

ஏலத்தை அறிவிப்பவருக்கு நண்பர்கள் செய்யும் உதவியிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாங்கும் நோக்கமே இல்லாமல் விலையை உயர்த்துவதற்காக மட்டும் ஆள் வைத்துக் கேட்பதை ‘ஏற்றிவிடுதல்’ எனலாம். 2000-ஆம் ஆண்டில் ஈபேயில் 25 சென்ட்டுக்குத் தொடங்கிய ஓவியம் ஒன்று, ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியருடையதாக இருக்கலாம் என்ற எண்ணத்தை வாங்குவோரிடம் தந்திரமாக எழுப்பி, 1,35,805 டாலர் வரை சென்றது. விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரியவந்ததும் அந்த விற்பனை ரத்தானது. பின்னர் விசாரணை கூட்டாளிகள் வரை நீண்டு, விற்றவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்நூறு ரூபாய்க் காசை எழுநூறுக்கு ஏற்றிவிடும் நண்பர் தம்மை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை, ‘சும்மா ஒரு தொடக்கம் கொடுத்தேன்’ என்றே சொல்வார். அளவில் வேறுபட்டாலும் வினை ஒன்றுதான். உண்மையாக வாங்க விரும்பாதவர் கேட்காமல் இருப்பதே அந்த நண்பர் செய்யக்கூடிய உதவி.

ஏற்றிவிடுவது குற்றமென்றால், நண்பர் விரும்பும் பொருளுக்குப் போட்டியிடாமல் விலகிக்கொள்வது பெருந்தன்மைதானே என்ற கேள்வி எழலாம். பெரும்பாலோர் அதை அப்படித்தான் கருதுகிறார்கள். ஆனால் நியூயார்க்கில் பதினோரு தபால்தலை வணிகர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, 1997 வரை, செய்துவந்தது இந்தப் பெருந்தன்மையின் முற்றிய வடிவமே. பொது ஏலத்துக்கு முன் தங்களுக்குள் ரகசிய ஏலம் ஒன்றை நடத்தி, யார் எதைக் கேட்பது என்று தீர்மானித்து, மற்றவர்கள் ஒதுங்கி நின்று, மிச்சப்பட்ட பணத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் குளத்து மீன் ஏலத்திலும் புளியமர ஏலத்திலும் ‘சிண்டிகேட்’ என்று சொல்லப்படுவது இதைத்தான். தனி ஒருவர் தம் விருப்பத்தால் விலகுவதில் தவறில்லை. ‘இதை நீங்கள் எடுங்கள், அதை நான் எடுக்கிறேன்’ என்று பேசி வைத்துக்கொள்ளும் கணத்தில், தம் ஏலத்தை நம்பிக்கையோடு நண்பர்களிடம் அறிவித்த விற்பனையாளர் ஏமாற்றப்படுகிறார். அவரும் அதே குழுவின் உறுப்பினர் என்பதை வாங்குவோர் மறந்துவிடுகிறார்கள்.

பிறருடைய ஏலத்தைச் சுட்டிக்காட்டுவதில் கருத்து வேறுபாடு அதிகம். ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள், குறித்த நேரத்தில் முடியும் ஈபே ஏலங்களில் கடைசி நொடியில் கேட்கும் பழக்கம் கணினி விற்பனையைவிடப் பழம்பொருள் விற்பனையில் மிகுதி என்று கண்டறிந்தனர். விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால் அந்தப் பொருளில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் அறிந்துகொள்வார்கள். அதனால் அவர் மௌனமாகக் காத்திருக்கிறார். அந்த மௌனத்தை உடைத்து ஏலத்தின் இணைப்பைக் குழுவில் பகிர்பவர்மீது கோபம் வருவது இயல்பு, எனினும் அந்தக் கோபத்துக்கு உரிமை எதுவும் கிடையாது. பகிர்பவர் தாமும் அதைக் கேட்கப் போகிறாரா, விற்பவருக்கு வேண்டியவரா என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

அறிவிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: தேய்மான நிலை, எடை, இரு பக்கத் தெளிவான படம், தொடக்க விலை, முடியும் நாளும் நேரமும், அஞ்சல் செலவை ஏற்பவர் யார் என்பது. தொடக்கத்தில் ஒரு முறை, முடிவதற்கு முன் ஒரு முறை என இரு அறிவிப்புகளுக்கு மேல் தேவையில்லை. உறுப்பினர்களின் எண்களுக்குத் தனித்தனியே செய்தி அனுப்புவது எந்நிலையிலும் தவறு. பொருளின் உண்மைத்தன்மை வேறு கதை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்து, இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் தோன்றும் செப்பு வில்லைகள் கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல, பிற்காலத்தில் விற்பனைக்கென அடிக்கப்பட்டவை. இவற்றை அரிய நாணயம் என்று அறிவிக்கும் ஏலம் நடக்கும்போது, விலையைக் குறைகூறாதே என்ற வழக்கமான நாகரிகத்தைக் காரணம் காட்டி வாய்மூடியிருப்பது சரியன்று. விற்பவரிடம் முதலில் தனியாகச் சொல்லி, அவர் திருத்தாவிட்டால் ஏலம் முடிவதற்குள் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய நாணயங்களை ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி வாங்குவதாகக் கட்டணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய சூழலில் அறிந்தவரின் மௌனம் புதியவர்களை மோசடிக்காரர்களிடம் அனுப்பிவைக்கும்.

சட்டமும் கவனத்துக்குரியது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மதுரை நாயக்கர் காசு ஒன்றின் ஏல அறிவிப்பில் ‘வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும்’ என்று பெருமையாக எழுதுபவர், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் தம் சட்டமீறலைத் தாமே பதிவு செய்கிறார்.

ஏலம் முடிந்த பிறகும் விற்பவருக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. பொருள் விற்றதும் படத்தையும் விலையையும் அழித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தென்னிந்தியச் சிறு செப்புக்காசுகள் பலவற்றுக்கு நம்பத்தக்க விலைப்பட்டியல் இல்லாத நிலையில், குழுவில் தங்கியிருக்கும் பழைய ஏல அறிவிப்புகளே அடுத்து வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கிடைக்கும் ஒரே ஆவணம். குழுவின் கவனத்தையும் அறிவையும் பயன்படுத்தி விற்றவர்கள், இறுதி விலையை அதே இடத்தில் எழுதிவைத்து, அறிவிப்பை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும்.