இணைப்பு அறுந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும்

இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, மாவனல்லை என்று இரண்டு மூன்று ஊர்களில் கிளை வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். பில் போடுவது கணனியில். அடுத்த கிளையில் எத்தனை மூட்டை சீமெந்து மீதம் என்று பார்ப்பது இணையத்தில். வங்கி அட்டைக்குக் காசு எடுப்பதும் அதே இணைப்பில்தான். சரக்குக்கு இடாப்பு உண்டு, கடனுக்குக் கொப்பி உண்டு. ஆனால் இவ்வளவையும் தாங்கி நிற்கும் அந்த இணைப்பு சென்ற மாதம் எத்தனை தடவை, எந்த நேரத்தில் அறுந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சப்ரகமுவவில் இது சின்ன விடயமல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இங்கு இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். பாடசாலை விட்டு, அலுவலகம் மூடி, சனம் கடைக்கு வருகின்ற நேரமும் அதுதான்.

சேவை வழங்கும் நிறுவனம் "இம்மாதம் 99 வீதம் சேவை இருந்தது" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். 30 நாளுக்கு 720 மணித்தியாலம். அதில் ஒரு வீதம் 7 மணித்தியாலம் 12 நிமிடம். அது நள்ளிரவில் போனால் நமக்கு நட்டமில்லை. பிற்பகல் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் போனால், இரண்டு நாள் மாலை வியாபாரத்துக்கு மேல் போனதற்குச் சமம். வீதம் ஒன்றுதான், நட்டம் வேறு.

கடைகளுக்குக் கணனி வலையமைப்பு போட்டுக் கொடுப்பது என் தொழில். முறைப்பாடு செய்யப் போகும் முதலாளிமார் "அடிக்கடி போகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லை வைத்துக் கழிவு கேட்க முடியாது. திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

இதைக் கணனியே எழுதி வைக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் ஓபன்என்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் அதற்கு உதவும். ஒவ்வொரு கிளையிலும் உள்ள ரவுட்டர் பதில் சொல்கிறதா என்று வழமையாக 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டு, பதில் நின்ற நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் தரவுத்தளத்தில் பதிந்து வைக்கும். இணைப்பின் வேகத்தைக் காட்டும் வரைபடங்களும் உண்டு. ஆனால் அவை பழைய விபரங்களைச் சராசரியாகச் சுருக்கி விடும். ஆறு மாதத்துக்கு முந்திய மாலை நேரத்தை அதில் தேடினால் கிடைக்காது. ஆகவே விபரங்களை மாதந்தோறும் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

எடுப்பதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மாட் காஸ்டர்ஸ் உருவாக்கி, 2005இன் இறுதியில் எல்லோருக்கும் திறந்துவிட்ட அதன் பெயர் கெட்டில். நமது தேநீர்க் கடைக் கேத்தல்தான்! அதன் பாகங்களுக்கும் ஸ்பூன், கிச்சன் என்றே பெயர். 2006இல் இது பென்டஹோ நிறுவனத்தின் கைக்குப் போனது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்த அப்பாச்சி ஹொப் இன்று இலவசமாகக் கிடைக்கிறது.

வேலை எளிது. ஒரு பக்கம் இணைப்பு அறுந்த நேரங்களை எடுக்கும். மறுபக்கம் பில் போடும் கணனியிலிருந்து மணித்தியால விற்பனையை எடுக்கும். கிளையையும் நேரத்தையும் வைத்து இரண்டையும் சேர்த்து, கடை மூடியிருந்த நேரத்தைக் கழித்துவிட்டு, எக்செல் தாளாகத் தரும். ஒருமுறை அமைத்துவிட்டால் மாதம் பிறந்ததும் தானாகவே அறிக்கை வந்து சேரும்.

மூன்று விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, கடிகாரம். சில கணனிகள் உலகப் பொது நேரத்தில் பதியும்; நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. திருத்தாவிட்டால் பிற்பகல் 3 மணித் தடை காலை 9.30 என்று வரும். இரண்டாவது, எல்லாக் கிளைகளும் ஒரே நிமிடத்தில் அறுந்ததாகக் காட்டினால், பெரும்பாலும் அறுந்தது அவதானிக்கும் கணனியின் இணைப்புத்தான். மூன்றாவது, 5 நிமிடத்துக்குக் குறைந்த தடைகள் தப்பிவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு வன்பொருள் வியாபாரி தன் மூன்று கிளைகளுக்கும் இரண்டாவது இணைப்பு எடுக்கத் தீர்மானித்திருந்தார். இரண்டு மாத அறிக்கையை மின்சாரம் நின்ற நேரங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு கிளையில் இணைப்புக்குக் குறையே இல்லை. மின்சாரம் போகும்போது ரவுட்டரும் அணைந்துபோயிருக்கிறது. அங்கு தேவைப்பட்டது ஒரு சிறிய பற்றரிதான். மற்றொரு கிளையில் தடைகள் வந்தது கடை பூட்டிய பிறகு. மூன்றாவதற்கு மாத்திரம் இரண்டாவது இணைப்பு எடுத்தார். மூன்று மாதாந்தக் கட்டணம் கட்ட இருந்தவர் ஒன்றோடு நின்றார்.

இந்த மென்பொருள்களுக்கு விலையில்லை. ஒரு கணனி, அதற்கு யுபிஎஸ், அமைத்துக் கொடுக்கும் ஆளின் கூலி, இவைதான் செலவு. சேவை நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிட வழியுண்டு. அங்கும் ஆதாரமே பேசும். அறிக்கையின் ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே, வேறோர் ஊரில் வையுங்கள். 2003லும் 2017லும் இரத்தினபுரியில் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.