உங்களுக்குத் தெரியுமா? வடபழனியின் திரைச்சீலை மலைகள்

1948இல் காரைக்குடியிலிருந்து இடம்பெயர்ந்த ஏவி.எம். உள்ளிட்ட சென்னை வடபழனிப் படப்பிடிப்பு நிலையங்களில், அரங்கின் பின்னால் தொங்கிய வண்ணத் திரைச்சீலையில் மலை தொலைவாகத் தோன்ற, அடுத்தடுத்த மலைவரிசைகளை வெளிறிய நீலமாக்கி விளிம்புகளை மங்கவிட்ட உத்தி, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்கு நேரும் மாற்றத்தைப் பின்பற்றியதாகும். இவ்வுத்தி புதிதல்ல: மலையே இல்லாத ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதி) வட்டாரத்தில், ஆண்ட்வெர்ப் நகரில் வாழ்ந்து 1524இல் மறைந்த ஓவியர் யோவாக்கிம் பாட்டினிர், முன்னிலத்தைப் பழுப்பாகவும் இடைநிலத்தைப் பச்சையாகவும் தொலைவை நீலமாகவும் பகுத்து இதனை ஒரு மரபாகவே வளர்த்தார். ஆனால் அவர் அடிவானத்தை மிக உயர்த்தி வரைந்தார், அரங்கத் திரைக்கோ கேமராவின் உயரமே அளவுகோலாக இருந்தது. வண்ணத்தால் உணர்வூட்டுவதில் ஓவியர் பீட்டர் புரூகல் ஒரு படி மேல்: ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ (1565) ஓவியத்தில் வானத்துக்கும் உறைந்த குளங்களுக்கும் ஒரே சாம்பல்பச்சையைப் பூசியே குளிரை உணரவைத்தார்.